பதினாறு நாள் நாற்காலி

என் தங்கை என்னிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன் இரண்டாவது கல்யாணத்தன்று, என் வீட்டு முன்கூடத்தில் கிடக்கும் இரண்டு கறுப்பு நாற்காலிகளில் தானும் மாப்பிள்ளையும் நாலு பேர் முன்னால் உட்கார வேண்டும். நகை கேட்கவில்லை, மண்டபம் கேட்கவில்லை. வீட்டில் சும்மா கிடக்கிற நாற்காலியைக் கேட்டாள். அதைக்கூட நாங்கள் கொடுக்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார்மேல் என்று கேட்டால் முதலில் அத்தைமேல், பிறகு என் வீட்டுக்காரர்மேல், கடைசியில் சுற்றிச் சுற்றி என்மேல்தான்.

அந்த நாற்காலிகள் எங்கள் பரம்பரைச் சொத்தெல்லாம் இல்லை. எங்கள் ஜோகூரில், கூலாயிலிருந்து செடெனாக் போகிற பழைய சாலையில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. சிங்கப்பூரில் வீடு காலி செய்கிறவர்கள் கழித்துக்கட்டும் சாமான்களை லாரியில் கொண்டுவந்து அங்கே இறக்குவார்கள். செருப்பு வைக்க ஒரு அலமாரி பார்க்கலாம் என்று போனேன். பழைய குளிர்பெட்டிகளுக்குப் பின்னால் இந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்து கிடந்தன. ஈரத்துணி வாங்கி ஒன்றின் முதுகைத் துடைத்தேன். கறுப்பு மெருகுக்கு அடியிலிருந்து தங்க நிறத்தில் ஒரு பாலம் வந்தது. அப்புறம் பாலத்தின்மேல் குடை பிடித்த ஒரு மனிதர், ஒரு தொங்குமரம், ஒரு படகு. செருப்பு அலமாரி இன்றுவரை வாங்கவில்லை. எங்கள் வீட்டுச் செருப்புகள் இன்னும் வாசலில்தான் சிதறிக் கிடக்கின்றன.

முதுகுப் பலகையின் தலை, சீனக் கோயில் கூரைபோல இரண்டு பக்கமும் ஓரம் தூக்கி இருக்கும். கால்களை மூங்கில் கணு மாதிரி கடைந்திருப்பார்கள். உட்காருமிடம் பிரம்புப் பின்னல். என் மகள் கைப்பேசியில் தேடிப் பார்த்து, இந்த வகைக்கு ஷினுவாசரி என்று பெயர் என்றாள். சீனாவைக் கண்ணால் பார்க்காத ஐரோப்பியர்கள், காதால் கேட்டதையும் பீங்கான் தட்டில் பார்த்ததையும் வைத்துத் தாங்களாகவே ஒரு சீனாவைக் கற்பனை செய்து வரைந்தார்களாம். அது உண்மைதான் என்று பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தவர், "இனி புக்கான் ஒராங் சினா லா!" என்று சிரித்தார். இது சீனன் இல்லை, சீனன் சட்டை போட்ட வெள்ளைக்காரன் என்பது அவர் தீர்ப்பு.

என் வீட்டுக்காரர் விடுவாரா? ஒரு நாற்காலியில் வரைந்திருந்த வீட்டுக் கூரைமேல் ஒரு நீளவால் பறவை நிற்கும். அது கூரையைவிடப் பெரியது. "இது உக்காந்தா அந்த வீடே நசுங்கிடும். வரஞ்சவன் தண்ணியப் போட்டுட்டு வரஞ்சிருக்கான்," என்றார். மற்ற நாற்காலியிலும் அதே பாலம், அதே படகு, அதே பெரிய பறவைதான். உற்றுப் பார்த்தாலொழிய இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

என் தங்கைக்கு மட்டும் அவை பார்த்த முதல் நாளே பிடித்துப்போயின. அவள் எங்கள் தாமானிலேயே, அதே குடியிருப்பின் பின்வரிசை வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அவள் கணவரும் சாப்பிட வருவார்கள். சாப்பிட்டதும் நேரே போய் ஒன்றில் உட்கார்ந்து, கையால் மற்றதின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே பேசுவாள். "அக்கா, இதுல உக்காந்தா முதுகு தானா நிமிருது பாரு," என்பாள். சோபாவில் குறுகி உட்காரும் பெண், அந்த நாற்காலியில் மட்டும் மகாராணிதான்.

அவள் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பி, இருட்டியபின் திரும்புகிறவர். ஜோகூர்க்காரர்கள் வீட்டில் பாதிப் பேருக்கு இதுதான் பிழைப்பு. அதனால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஒருநாள் காலை, சிங்கப்பூருக்குக் கடக்கிற பாலத்தில் பைக் வரிசையில் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் தூக்கினார்களாம். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே முடிந்துவிட்டது. அவருக்கு அப்போது சாகிற வயதா? நாற்பதுகூட ஆகவில்லை.

தகனம் முடிந்து வந்ததும் தங்கை வீட்டில் அவர் படத்தை வைத்து விளக்கேற்ற வேண்டும். பதினாறாம் நாள் காரியம்வரை அந்த விளக்கு அணையக்கூடாது. படத்தை எதன்மேல் வைப்பது என்று தேடினார்கள். கூடாரக்காரன் கொண்டுவந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை யாரோ இழுத்துப் போட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் உழைத்துக் கொட்டிய மனுஷனுக்குப் பிளாஸ்டிக் நாற்காலியா என்று சத்தம் போட்டேன். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் எங்கள் முன்கூடத்திலிருந்து ஒரு கறுப்பு நாற்காலியைத் தலைமேல் சுமந்துகொண்டு வந்தார்.

அதில் புது வேட்டியை மடித்துப் போட்டு, அதன்மேல் படத்தை வைத்து, நாற்காலியின் தோளிலிருந்து கால்வரை ரோஜா மாலை சாத்தினோம். கறுப்பும் தங்கமும் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தன. துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஓவென்று அழுதார்கள். பெக்கோக்கிலிருந்து வந்த எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, மார்பில் அடித்துக்கொண்டே, "ராசா மாதிரி உக்காந்திருக்கானே! ராசா மாதிரி உக்காந்திருக்கானே!" என்றார். உண்மையைச் சொன்னால், அந்த அழுகைக்கு நடுவிலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நாம் செய்தது சரி என்று நினைத்தேன்.

பதினாறு நாளும் தங்கை அந்த நாற்காலிக்கு எதிரே பாயில்தான் கிடந்தாள். விளக்குக்கு எண்ணெய் விடுவாள், படத்தைப் பார்ப்பாள், அழுவாள். சில சமயம் சண்டை பிடிப்பாள். "சொல்லாம கொள்ளாம போயிட்டியே, நான் என்ன பண்ணுவேன்னு ஒரு நிமிஷம் நெனச்சியா?" என்று கேட்பது அடுப்படிவரை கேட்கும். நாங்கள் யாரும் குறுக்கே போகவில்லை. பேசட்டும், மனசு ஆறட்டும் என்று விட்டுவிட்டோம்.

காரியம் முடிந்ததும் நாற்காலியை மஞ்சள் தண்ணீரால் துடைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன் ஜோடிக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே போட்டோம். அதற்கப்புறம் யாரும் அவற்றில் உட்காரவில்லை. உட்காரக்கூடாது என்று சட்டம் போட்டவர் யாருமில்லை. வருகிறவர்கள் தாமாகவே சோபாவுக்குப் போனார்கள். விளையாடுகிற பிள்ளைகள் அந்தப் பக்கம் ஏறினால், "ஏய், அங்க வேணாம், இறங்கு!" என்று அதட்டினோம். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் உடைந்துவிடும் என்று பொய் சொன்னோம். நான் வெள்ளிக்கிழமைதோறும் இரண்டையும் துடைப்பேன். துடைப்பதோடு சரி.

வருஷங்கள் போயின. தங்கை செனாய் பக்கத்தில் ஒரு கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், வேலைக்குச் சேர்ந்தாள். அந்தத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிற ஒருவர் தினமும் அவளை ஏற்றி இறக்குவார். படுத்த படுக்கையாகக் கிடந்த தாயைப் பார்த்துக்கொண்டே கல்யாணம் பண்ணாமல் இருந்துவிட்டவர். தாயும் போய்ச் சேர்ந்த பிறகு தனி ஆள். பேச்சு ரொம்பக் குறைவு. தங்கை தாமதமாக வந்தால் பஸ்ஸில் மற்றவர்கள் எவ்வளவு முணுமுணுத்தாலும் அவர் வண்டியை எடுக்க மாட்டாராம். அதை அவள் என்னிடம் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

அத்தைதான் மறுப்பார் என்று பயந்தோம். எங்களுக்குப் பெற்றவர்கள் இல்லை, குடும்பத்தில் பெரியவர் அவர்தான். அவரோ, "வாழ வேண்டிய புள்ள. செவுத்தப் பாத்துக்கிட்டு எத்தன நாளைக்கு உக்காந்திருப்பா? பண்ணி வையுங்க," என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அன்றைக்கு அவர் காலில் விழவேண்டும் போலிருந்தது எனக்கு.

புதன்கிழமை அவர்கள் இருவரும் போய்ப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் வைத்து மாலை மாற்றித் தாலி என்று முடிவாயிற்று. ஒரு நாள் அடுப்படியில் எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அக்கா, ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு, ஏதோ தப்பு பண்ணவங்க மாதிரி வீட்டுக்குள்ள வந்து ஒதுங்க வேணாம்க்கா. எல்லாரும் பாக்க உக்காரணும். அந்தக் கறுப்பு நாற்காலி ரெண்டுலயும் உக்காரணும். அது போதும் எனக்கு."

"ப்பூ, இவ்ளோதானா? தாராளமா உக்காரு," என்றேன். கண்ணில் நீர் வந்தது. வெங்காயமா வேறெதுவா என்று இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் பேசி முடிக்க எல்லாரும் என் வீட்டில் கூடினோம். மாப்பிள்ளையின் அக்காவும் வந்திருந்தார். நாற்காலிகளை நடுக்கூடத்தில் இழுத்துப் போட்டு, எங்கே மாலை, எங்கே விளக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அத்தை நிறத்தைப் பிடித்துக்கொண்டார். "நல்ல காரியத்துல கறுப்பா?" என்றார். சிவப்புப் பட்டைப் போர்த்திவிடலாம் என்றேன். அதற்குத் தலையாட்டிவிட்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

"கறுப்பா இருந்தா என்னங்க அத்த? நம்ம தம்பி படத்துக்கு எவ்ளோ எடுப்பா இருந்துச்சு!"

மாப்பிள்ளையின் அக்கா காப்பிக் குவளையை மெதுவாகக் கீழே வைத்தார். என் வீட்டுக்காரர் அப்போதுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தவராய், "அலாமாக்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதுலயா படம் வச்சோம்?" என்று நினைவு வந்து அத்தை எழுந்தே நின்றுவிட்டார். "செத்தவன் பதினாறு நாள் உக்காந்த எடத்துல புது மாப்பிள்ளைய உக்கார வப்பியா? ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

நான் சமாளிக்கப் பார்த்தேன். இரண்டில் ஒன்றில்தானே வைத்தோம், அதை விட்டுவிடலாம் என்றேன். எது அந்த ஒன்று என்று கேட்டார் அத்தை. அங்கேதான் மாட்டிக்கொண்டோம். சுமந்து வந்த என் வீட்டுக்காரர் இடது பக்கத்தது என்றார். திரும்பி நின்று பார்த்துவிட்டு வலது பக்கத்தது என்றார். என் மகள் அந்த நாளில் எடுத்த படங்களைக் கைப்பேசியில் தேடி எடுத்தாள். எல்லாப் படத்திலும் ரோஜா மாலை நாற்காலி முதுகின் சித்திரத்தை முழுசாக மறைத்திருந்தது. ஆளுக்கொரு பக்கம் குனிந்து, பறவையைப் பார், படகைப் பார் என்று வெள்ளைக்காரன் வரைந்த சீனாவில் எங்கள் வீட்டுத் துக்கத்தைத் தேடினோம். வேறொரு நாளாயிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

"சந்தேகம்னா ரெண்டும் வேணாம். நம்ம தம்பி நல்லா இருக்கணும்ல?" என்றார் மாப்பிள்ளையின் அக்கா. தணிவாகத்தான் சொன்னார். தன் தம்பி உயிர் அவருக்கு வெல்லம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தங்கை வேலை முடிந்து உள்ளே வந்தாள். பின்னால் பஸ் சாவியோடு மாப்பிள்ளை. அத்தை அவளையே கேட்டார்.

"ஏண்டி, ஒம் புருசன் படம் எதுல இருந்துச்சு? ஒனக்காவது தெரியுதா?"

அவள் யோசிக்கவேயில்லை. நேரே போய் ஒன்றின் கைப்பிடியில் கை வைத்தாள். "இதுலதான்," என்றாள். பிறகு எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, "இதுலதான் இவரு உக்காரணும்," என்றாள்.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளையின் அக்கா முகம் வெளிறிவிட்டது. ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். இடையில் மாப்பிள்ளை, "எனக்கு ஒண்ணும் இல்லங்க, எங்க வேணாலும் உக்காருறேன்," என்று சொல்லிப் பார்த்தார். அவர் குரல் யார் காதிலும் ஏறவில்லை. ஏன் அதில்தான் உட்கார வேண்டும் என்று தங்கையை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கூடப் பிறந்தவள், மடியில் போட்டு வளர்த்தவள், நானாவது கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் கேட்டிருக்கலாம். எனக்கு அன்றைக்கு வந்ததெல்லாம், கூடிவந்த காரியம் ஒரு நாற்காலியால் கெட்டுவிடக் கூடாதே என்ற பயம்தான்.

"இங்க பாரும்மா, பெரியவங்க மனசு கோணக் கூடாது. அலங்காரக் கடையில வெள்ளை நாற்காலி ரெண்டு எடுத்துருவோம். தங்கப் பூவெல்லாம் வச்சு இதவிட அழகா இருக்கும்," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். "சரிக்கா," என்றாள்.

அந்தச் சரியை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எதிர்த்துப் பேசமாட்டாள், நினைத்ததை மாற்றிக்கொள்ளவும் மாட்டாள். எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் மறந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமையே வெள்ளை நாற்காலிகள் வந்து இறங்கின. சிம்மாசனம் மாதிரி உயரம், பஞ்சு வைத்த முதுகு, ஓரமெல்லாம் ஜிகினா. கறுப்பு நாற்காலிகளை உள்ளறையில் போட்டு மேலே போர்வையை மூடினேன். புதன்கிழமை மதியம் வீட்டு வாசலில் கட்டத் தோரணம் பின்னிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு படம் வந்தது. பதிவு அலுவலகத்தில் காத்திருப்பவர்களுக்குப் போட்ட இரும்பு நாற்காலி வரிசை. அதில் தங்கையும் அவரும். இருவர் கழுத்திலும் கோயில் வாசலில் விற்கும் சின்ன மாலை. அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன்னால் கட்ட வேண்டிய தாலி. சாட்சிக்குக் கூட வேலை செய்கிற இருவர் நின்றார்கள். எங்கள் ஆட்கள் ஒருவர்கூட அந்தப் படத்தில் இல்லை.

உடனே அவளைக் கூப்பிட்டேன். "என்னடி இது? ஒனக்கு என்ன கொற வச்சோம் நாங்க?" என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை.

"கோவம் இல்லக்கா. அந்த நாற்காலில அவர உக்கார வச்சது நீங்கதான். காரியம் முடிஞ்சும் நீங்க யாரும் அவர எழுப்பல. ஒவ்வொரு தடவ ஒங்க வீட்டுக்கு வரும்போதும் அவரு அங்கயே உக்காந்து என்னப் பாத்துக்கிட்டு இருந்தாரு. இவரக் கூட்டிட்டு வந்து, 'போதும், நீங்க எந்திரிச்சு இவருக்கு எடம் கொடுங்க'ன்னு ஒங்க எல்லார் முன்னாலயும் நாலு வார்த்த அவருகிட்ட சொல்லணும்னு நெனச்சேன். சொல்லிட்டா அவரும் போயிருவாரு, நானும் போயிருவேன். நீங்க விடலியே."

தோரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தென்று ஒன்று நடந்தது. வந்தார்கள், வெள்ளைச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார்கள், படம் பிடித்தோம், சாப்பிட்டார்கள், போனார்கள். ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அத்தைகூட அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அவர்கள் இப்போது செடெனாக்கில் இருக்கிறார்கள். ஒருவரையொருவர் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. போன தீபாவளிக்கு வந்தார்கள். அவர்கள் வருமுன்னே நானும் என் வீட்டுக்காரருமாக அந்தக் கறுப்பு நாற்காலிகளைக் கூடத்தின் நடுவில் தூக்கிப் போட்டோம். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எனக்கே தெரியும். அத்தையும் இருந்தார். அவர்தான் என் முழங்கையை இடித்து, "கூப்புடு, கூப்புட்டு உக்காரச் சொல்லு," என்றார்.

"தம்பி, வாங்க. இங்க வந்து உக்காருங்க," என்று தங்கை அன்று கை வைத்த நாற்காலியைத் தட்டிக் காட்டினேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார். கும்பிடுகிற மாதிரி இலேசாகத் தலை குனிந்தார்.

"பரவால்லக்கா," என்றார் ரொம்ப மரியாதையாக. "அது அவரோட எடம்."

சொல்லிவிட்டுச் சோபாவின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். பலகாரத் தட்டோடு நின்ற என் தங்கை என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தட்டை மேசையில் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் போய்க் குறுகி உட்கார்ந்துகொண்டாள்.